நடுவில் ஒரு வகரம்

பிரிந்திசித் துறைமுகம், இரவு பதினொன்றே கால்.
இகுமெனித்சா போகும் கப்பல்
இன்னும் லாரிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது.
சிற்றுண்டிக் கடையில் பொம்பீலியா
(லத்தீன் படித்தவள், பள்ளி வேலைக்கான பட்டியலில்
நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர்)
மேசை துடைக்கிறாள்.

லாரி ஓட்டும் ஸ்டமாதிஸ்
தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து
விளக்குக்கு நேரே பிடிக்கிறான்.
"எலியா. எங்கள் சொல்.
எங்களிடம்தானே கைமாற்று வாங்கினீர்கள்?
எப்போது திருப்பித் தருவதாக உத்தேசம்?"

அவள் துணியைப் பிழிந்தாள்.
"வாங்கினோம். மறுக்கவில்லை.
ஆனால் வாங்கிய அன்று அது எலியா இல்லை,
எலைவா.
நடுவில் ஒரு வகரம் இருந்தது.
அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே தொலைத்துவிட்டீர்கள்,
எந்தத் தெருவில் என்று
உங்களுக்கே தெரியாது.
நாங்களும் யோக்கியமில்லை.
எகரத்தை ஒகரமாக்கினோம்,
ஐகாரத்தைச் சப்பிச் சப்பி ஈகாரமாக்கினோம்.
வகரம் மட்டும்
பல்லில் தட்டுப்பட்ட கொட்டைபோல் நின்றுவிட்டது.
ஒலீவா."

அவன் நிதானமாக மென்றான்.
"அப்படியானால் எண்ணெய்?"

அங்கேதான் சற்றுத் தயங்கினாள்.
"ஒலெயும். அதில் இல்லை.
பின்னாலேயே ஓர் ஒகரம் வந்து உட்கார்ந்தது.
அதன் பக்கத்தில் வகரம் நிற்காது,
வழுக்கிவிடும்.
எண்ணெய் அல்லவா."

பிறகு, அவன் கேட்காமலே,
மேசைக்கு ஒரு வேற்றுமையாகத்
துடைத்துக்கொண்டு போகிறாள்:
ஒலீவா.
ஒலீவே. அடுத்ததற்கும் ஒலீவே,
உடைமைக்கும் கொடைக்கும் ஒரே உருபு.
ஒலீவாம்.
ஐந்தாம் மேசையில் யாரோ
பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்.
அது விளி வேற்றுமை.
மெதுவாகச் சொன்னாள்.

"மரம் பெண்பால். காயும் பெண்பால்.
பிழிந்து எடுத்தால் மட்டும்
ஆணுமில்லை, பெண்ணுமில்லை."
"பிழிந்த பிறகு
யார்தான் ஏதாவதாக மிஞ்சுகிறார்கள்" என்றான்,
பதினான்கு மணி நேரம் ஓட்டி வந்தவன்.

சங்கு ஊதியது.
எண்ணிப் பார்த்தால் இருபது சென்ட் குறைகிறது.
"அதையும் கணக்கில் எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டு
சட்டைக் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

கண்ணாடிக்கு அப்பால், சரிவுப் பாலத்தின் அடியில்
வண்டிக்குள் ஏறுமுன் நின்றான்.
அவன் உதடு குவிவது தெரிந்தது.
வகரமா, சிகரெட்டா,
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.