முப்பத்தெட்டாவது மகள்

சஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்து நான்கு.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரைக்
கம்பத்துப் பிளக்கில் செருகிவிட்டு மேலே வருகிறேன்.
உள்ளே முப்பது பாகை.
ஈஸ்ட்டுக்கு அதுதான் பிடிக்கும்.

என் வேலை சின்னது.
நுணுக்குக்காட்டியின் கீழே, கண்ணாடி ஊசியால்
தாயிடமிருந்து மகளைத் தள்ளி வைப்பது.
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருத்தி.
தள்ளி வை, கோடு போடு.
தள்ளி வை, கோடு போடு.
தாயின் தோலில் வட்டமாய் ஒரு வடு மிஞ்சும்,
மகள் ஒரு கீறலுமின்றிப் போவாள்.
உடைந்தது, கசங்கியது எல்லாம்
தாய் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள்.
இதை அன்பென்று எழுதினால் மார்லீன் வெட்டிவிடுவாள்.
பொறிமுறை என்று எழுதுகிறேன்.

இடது தட்டில் சீனி தாராளம்.
வலதில் நாலில் ஒரு பங்கு.
இடதுகாரிகளுக்கு அவசரம்:
இருபத்திரண்டு, இருபத்து நான்கு,
அதற்குள் ஊதிச் சொரசொரத்து நின்றுபோகிறார்கள்.
வலதில் பதினேழாம் எண்காரி
நேற்று முப்பத்தேழாவதைப் பெற்றாள்.

பசி ஆயுளைக் கூட்டுகிறது பார் என்றான் டெரெக்,
சாப்பாட்டு மேசையில், டோனட்டை மென்றபடி.
அளந்து குறைத்த சீனிக்கும்
அரிசிக் கப்பல் வராத மாதத்துக்கும்
ஒரே சொல்லா?
கேட்கவில்லை.
சூப்பைச் சூடாக்கினேன்.

ஈஸ்ட்டின் வயதுக்கு இரண்டு கணக்கு.
எத்தனை பெற்றாள் என்பது ஒன்று.
பெறாமல், தன் புளிப்பிலேயே ஊறி
எத்தனை நாள் கிடந்தாள் என்பது மற்றது.
புளித்ததை வடித்து
வெறும் தண்ணீரில் விட்டால் இன்னும் கிடப்பாள்.

எனக்கும் இரண்டு.
கடவுச்சீட்டின் ஜனவரி ஒன்றாம் தேதிப்படி
நாற்பத்தெட்டு.
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமையின்படி
நாற்பத்தைந்து.

இரவு பத்துக்குத் தட்டுகள் பிரிட்ஜுக்குள் போகும்.
நாலு பாகையில் அவர்களுக்கு வயது ஏறாது,
ஏறினாலும் நாங்கள் எழுதுவதில்லை.
நான் தூங்கவேண்டும் என்பதற்காக
அவர்கள் காத்திருக்கிறார்கள்.
என்னையும் அப்படி வைத்திருந்தார்கள்
ஏழு வருடம், ஒரு கோப்புக்குள்.
அங்கே ஏறியது.

இன்று காலை முப்பத்தெட்டு.
மகள் தாயளவு பெரிது.
ஊசியால் இரண்டு முறை தட்டியும் விலகவில்லை,
மூன்றாவதில் விலகினாள்.
தாய் அத்தோடு சரி.
மிக முதிர்ந்தவளால் எதையும் பிடித்துவைக்க முடியாது,
எல்லாம் வழிந்து மகளுக்குள் போய்விடும்,
இவள் கிழவியாகவே பிறந்திருப்பாள்.

மகள்களைத் தள்ளி ஒதுக்குவதுதான் விதி.
இவளை மார்லீனுக்குச் சொல்லாமல்
தட்டின் வெற்று மூலையொன்றில் விட்டேன்.
படிவத்தில் இவளுக்கு வரிசை இல்லை.
கையுறையின் மணிக்கட்டில் பேனாவால் கோடு போட்டேன்:
மதியம் ஒன்று,
ஐந்து மணிக்கு, ஜன்னல் இருண்டபின், இன்னொன்று.

கார் ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பியது.
பாலத்தின் நடுவில்தான் பார்த்தேன்,
கையுறையைக் கழற்றவே இல்லை.