கலங்கல்

காலை ஏழரை. நன்னிலம் தாண்டும்போது
வண்டியின் முன்கூடையில் நாலு பேர்:
ஒரு பக்கவாதம், ஒரு படுக்கைப்புண்,
ஆறாத சர்க்கரைக் கால் ஒன்று,
கீழப்பனங்குடி பக்கிரிசாமி.
மற்றவர்களுக்கும் பெயர் உண்டு, பதிவேட்டில்.
இவர் ஒருவர்தான் சாலையிலும் பெயரோடு வருகிறார்.

முப்பது வருசம் பொதுப்பணித்துறை லஸ்கர்.
முடிகொண்டான் ஆற்றுக் குறுக்கே
பதினோரு ஷட்டர் அவர் கைக்குப் பழக்கம்.
சிறுநீரகம் இரண்டும் நின்றபின்
வயிற்றில் ஒரு குழாய்.
கட்டிலில் உட்கார்ந்தபடி நாளுக்கு நாலு முறை
இரண்டு லிட்டர் உள்ளே,
கொஞ்ச நேரம் தேக்கம்,
பிறகு வெளியே.

முதல் நாள் கிளாம்பைத் திருகக் காட்டினேன்.
“எனக்கா சிஸ்டர்?” என்றார்.
வேம்பு சிரித்தாள், கை கழுவுவதை நிறுத்தாமல்.
முழங்கை வரை சோப்பு, நூறு எண்ணும் வரை.
மின்விசிறி நிற்க வேண்டும், சன்னல் சாத்த வேண்டும்,
ஆட்டுக்குட்டி வெளியே போக வேண்டும்.
ஆனி மாதத்தில் அந்த அறையில்
மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு
ஒரு குழாயைப் பார்த்திருப்போம்.

கணக்கு அவருடைய பழைய நோட்டில்.
வரத்து 2000. வடிகால் 2300. உபரி 300.
மீன் தராசில் நிறுத்துத்தான் எழுதுவார்.
கணுக்காலை அழுத்துவேன், குழி விழும்.
“கடைமடைல தண்ணி நிக்குது,
எழுதிக்குங்க” என்பார்.

வடிந்த பையைச் செய்தித்தாள்மேல் வைக்கச் சொல்லியிருந்தேன்.
எழுத்து தெரிந்தால் தெளிவு.
அவர் வைப்பது எப்போதும் ஒரே மூலை:
மேட்டூர் நீர்மட்டம்.
பையின் ஊடாக அணையைப் படிப்போம்,
நானும் அவரும்,
அடியும் கன அடியும் கொஞ்சம் பெருத்துத் தெரியும்.

இன்று பை இல்லை.
“காலைலயே கொட்டியாச்சு” என்றார்.
நோட்டில் பென்சிலில்: தெளிவு.
உடம்பு கொதித்தது. வயிறு பலகை.
“வாயு சிஸ்டர். ராத்திரி பலாப்பழம்.”
வெளியே யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போனான்:
தண்ணி சன்னாநல்லூர் தாண்டிடுச்சு.
திறந்து பதினாலு நாள்.
அவர் வாசல் பக்கமே பார்த்தார்.

வேம்பு ஒன்றும் சொல்லவில்லை.
கொல்லைக்குப் போனாள். கவிழ்த்த கோழிக்கூடையைத் தூக்கினாள்.
முடிச்சுப் போட்ட பை, விடியற்காலையுடையது.
கொட்டச் சொன்னதைக் கொட்டாமல் வைத்திருந்தாள்.

செய்தித்தாளில் வைத்தேன்.
மேட்டூர் இல்லை. அடி இல்லை.
நீர்மோர் ஊற்றிய மாதிரி.

“புதுத் தண்ணின்னா கலங்கித்தாங்க வரும்.”
“ஆத்துல.”
அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை.
108க்கு விலாசம் சொன்னேன், இரண்டு தடவை.
தஞ்சாவூர் என்றால் பத்து நாள்.
அவருக்குத் தெரியும். அதனால்தான் பென்சில்.

வேன் வந்தது. நான் ஏறவில்லை,
வேம்பு ஏறினாள், மடியில் மஞ்சப்பை.
ஜவுளிக்கடைப் பெயருக்குள்ளே
பரிசோதனைக்கு அந்தக் கலங்கல்.

ரெகுலேட்டர் பாலத்தில் கூட்டம். வேன் நின்றுவிட்டது.
பின்னாலேயே நானும், ஸ்கூட்டரில் ஒற்றைக்கால் ஊன்றி.
கீழே நுரை, வைக்கோல், ஒரு குழந்தைச் செருப்பு,
அவற்றைத் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணி.
யாரோ பூ எறிந்தார்கள்.
புதிதாக வந்த லஸ்கர் பையன்
எல்லாக் கைப்பிடியையும் ஒரே மூச்சில் சுற்றிக்கொண்டிருந்தான்.

வேன் சன்னலில் ஒரு கை வந்தது. இரண்டு விரல்.
எனக்கு ஏதோ வெற்றி என்று பட்டது.
பையன் பார்த்தான், நின்றான்,
மூன்றாவது ஷட்டரை இறக்கத் தொடங்கினான்.

ஹாரன் அடித்து வழி விட்டார்கள்.
மணி பத்தே கால்.
சர்க்கரைக் காலின் கட்டு
நேற்றே நனைந்திருக்கும்.