நடுவில் இருந்தது

(தொலேதோ, பதிமூன்றாம் நூற்றாண்டு)

பதினோரு ஆண்டுகள் ஒரே மேசை.
ஹஸ்தாய் அரபு ஏட்டை வலமிருந்து படிப்பார்.
நான், குத்தியேர், லத்தீனை இடமிருந்து எழுதுவேன்.
நடுவில் எங்கோ கைகள் முட்டிக்கொள்ளும்,
மைக்கூடு கவிழும்.

அவருக்கு லத்தீன் தெரியாது.
எனக்கு அரபு, மீன் விலை கேட்கும் அளவுக்கு.
அதனால் படித்ததை அவர்
சந்தைப் பேச்சில் சொல்வார்.
கழுதை ஓட்டுகிறவன், கடன் கேட்கிறவன்,
கணவனை ஏசுகிறவள் பேசும் அதே பேச்சில்.
நான் அதைத் துடைத்து, சீவி,
லத்தீனாக்கி ஆட்டுத்தோலில் உட்காரவைப்பேன்.

நடுவில் சொன்னது காற்றோடு போகும்.
ஆற்றைக் கடந்தபின்
பாலத்தின் பலகையை எண்ணுகிறவன் உண்டா?

கல்லடைப்புக்கு மருந்து,
சனிக்கோளின் நடை,
நீர்க்கடிகாரத்துத் துளையின் அகலம்
எல்லாம் அந்தப் பேச்சின் முதுகில்தான் வந்தன.
சுமையை இறக்கியதும்
வாசலோடு அதைத் திருப்பி அனுப்பினோம்.

பிறகு ஒரு மார்ச் மாதம்
அரண்மனையிலிருந்து ஆள் வந்தான்.
லத்தீன் வேண்டாமாம்.
யூதர் வாயால் சொல்வதைச்
சொல்கிறபடியே எழுத வேண்டுமாம்.

சிரித்தேன். பாதி வேலை மிச்சம் என்றேன்.
இறகை நனைத்தேன்.

"நோச்சே" என்றார் ஹஸ்தாய். இரவு.
ஆயிரம் தடவை கேட்ட சொல். கை நின்றுவிட்டது.
லத்தீனில் அது நோக்தெம்,
இரண்டு மெய்கள் கல்லும் கல்லுமாய் நிற்கும்.
எங்கள் வாயில் அவை எப்போது கரைந்தன?
எந்தச் செவ்வாய்க்கிழமை? யார் வீட்டில்?
அந்த "ச்சே"யைக் கட்டிப்போட
என்னிடம் எழுத்தில்லை.
கடைசியில் "சே" எழுத்தின் பக்கத்தில்
ஊமை ஹாச்சேயை நிறுத்தினேன்.
இரண்டு ஏழைகள், ஒரு கம்பளி.

அடுத்தது ஆண்டு. தோல் விலை ஏறியிருந்தது.
எல்லாரும் செய்வதுபோல
ஒரு னகரத்தின் தலைமேல்
இன்னொன்றைப் படுக்கவைத்தேன்.
மழைக்குப் பிந்தைய புழுவாய் நெளிந்து கிடந்தது.

மகன் என்பதற்கு "ஃபிஜோ" என்று எழுதினேன்.
பூர்கோஸ்காரன் முன்யோ எட்டிப் பார்த்து
"ஹிஜோ" என்று வெறும் மூச்சாய்ப் படித்தான்.
முதல் எழுத்து எங்கே என்றேன்.
"எங்கள் மலையில் குளிர்.
உதட்டை அழுத்தினால் வெடித்துவிடும்."
பொய். ஆனாலும் அன்றைக்கே
அந்த எழுத்து கொஞ்சம் இளைத்ததைப் பார்த்தேன்.

எண்ணெய் வந்தபோது
ஹஸ்தாய் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
அங்கே அஸ்ஸைத், இங்கே அஸேய்தே.
"மொழிபெயர்க்க மாட்டீரா?"
"பெயர்த்தாயிற்று.
நாம் இருவரும் பிறக்கும் முன்பே."

வெட்கமாகத்தான் இருந்தது, சொல்கிறேனே.
அடுப்பங்கரைச் சொற்கள்
தங்க மை ஓரத்துக்குள்
செருப்புக்காலோடு நுழைந்ததுபோல.

கரி விற்கும் தோதா பாக்கி கேட்க வந்தாள்.
காசில்லை. பேச்சை மாற்ற
கல்லடைப்புப் பக்கத்தை உரக்கப் படித்தேன்.
கூடையை இறக்கி வைத்தாள்.
"தப்பு" என்றாள். "இவ்வளவு வெந்தயம் போட்டால்
ஆள் இரவெல்லாம் வாளியோடுதான் கிடப்பான்.
எழுதினவனுக்குக் கல் வந்ததே இல்லை."

பதினோரு ஆண்டுகளில்
நான் எழுதிய எந்தப் பக்கத்தையும்
யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.
லத்தீனுக்கு முன்னால் ஊரே
தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும்.
இதை ஒரு கரிக்காரி, தன் சொந்தச் சொல்லால்,
என் வாசலில் வைத்து மறித்தாள்.
ஹஸ்தாய் சிரித்த சிரிப்பில்
மைக்கூடு மறுபடி கவிழ்ந்தது.

மூலத்தில் வெந்தயம் அவ்வளவுதான்.
மாற்ற முடியாது. மாற்றவில்லை.
பாக்கியைப் பிறகு கொடுத்தேன், பாதி.

மாலையில் கதவைச் சாத்தும்போது மழை.
"நாளை விட்டுவிடுமா?" என்றேன்.
"ஓஷலா" என்றார்.
நானும் தினமும் சொல்வதுதான்,
தேவாலயப் படியில் நின்றுகூட.
அதற்குள் யாருடைய கடவுள் இருக்கிறார் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இதை எப்படி எழுதுவாய் என்றார்.

விளக்கை மறுபடி ஏற்றினேன்.