மைலோ டின் தகடு

வாங்கி வந்த அன்றே ஆட்டிப் பார்த்தேன்.
கடகட என்றது.

ஏழு மாதம் பாலாய் படியேறி இறங்கி,
பத்து விரலும் மையில் தோய்த்து,
நான்கு ஏக்கர் செம்பனைக் கன்றுக்குப்
பன்றிக் காவல் என்று எழுதிக் கொடுத்து
என் பெயருக்கு வந்த லைசன்ஸ்.
அதற்குக் கிடைத்தது ஒரு கிலுகிலுப்பை.
செமி-ஆட்டோவாம்.

முப்பத்தோரு வருடம்
சிலிம் ரிவர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் நான்.
பேரிங்கில் மயிரிழை கூடினாலும்
கழற்றி மாட்டிவிட்டுத்தான் பசியாறப் போவேன்.
ஃபீலர் கேஜை எடுத்தேன்.
முன்கட்டைக்கும் உடலுக்கும் நடுவே
அரை மில்லி இலை அலுங்காமல் நுழைந்தது.
போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால்
இடமும் வலமும் ஆடியது,
என் பல்செட் மாதிரி.

ஈப்போவுக்கே திருப்பி எடுத்துப் போனேன்.
அப்பன் ஆஸ்பத்திரியில், மகள் சியூ யென் கடையில்.
தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்தாள்,
போல்ட்டை மூடினாள், ஆட்டினாள்,
மலாயில் கேட்டாள்: பூட்டிய பிறகு ஆடுகிறதா?
இல்லை.
திறந்திருக்கும்போது ஆடினால் ஆடட்டும், அங்கிள்.
முனை மூடி மட்டும் கால் திருகு தளர்ந்திருந்தது.
இறுக்கினாள். காசு வாங்கவில்லை.
வழியெல்லாம் அதுதான் எரிந்தது.

வீட்டில் மைலோ டின்னை வெட்டினேன்.
மூன்று பச்சைத் துண்டு,
போல்ட் ஓடும் தடத்தில் இரண்டு,
கட்டைக்கு அடியில் ஒன்று.
அரம் போட்டேன், பசை வைத்தேன்.
ஞானசௌந்தரியின் காதருகே ஆட்டிக் காட்டினேன்.
"ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.
அதுதான், என்றேன்.

மழை விட்டு இரண்டே முக்காலுக்கு வந்தது.
ஒன்றல்ல, தாயும் ஆறு குட்டியும்.
முதல் வெடி மண்ணில்.
இரண்டாவதற்கு விரலை மடக்கினேன்,
ஒன்றுமில்லை.
டார்ச்சை அடித்தால்
வெற்றுத் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே,
போகிறேன் போகிறேன் என்று
வாசலில் நின்று பேசும் விருந்தாளிபோல.
கரியும் எண்ணெயும் சூடும்
போக ஓர் இடம் வேண்டும் என்பது
எனக்கா தெரியாது?
ஆலையில் நீராவிக் குழாய்க்கெல்லாம்
அளந்து அளந்து இடம் விட்டவன்.

குழலை மண் பார்க்கக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன்.
தாய்ப்பன்றி ஒரு முறை தலை தூக்கியது.
பிறகு குருத்து முறியும் சத்தம்,
சாவகாசமாக.
விடிந்து எண்ணினேன்: பத்தொன்பது கன்று.

இரண்டு தகடு கத்தி முனைக்கு வந்தது.
மூன்றாவது உள்ளே மடிந்துகொண்டது.
மறுபடி ஈப்போ.
சியூ யென் எதுவும் கேட்கவில்லை.
குறட்டால் இழுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள்,
மேசைக்கு அடியிலிருந்து
ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து அதில் போட்டாள்.

எட்டிப் பார்த்தேன்.
பீர் டின் தகடு, சிகரெட் ஜிகினா,
பேங்க் கார்டின் மூலை, சைக்கிள் டியூப்,
யாரோ ஒரு மகராசன் வைத்த
ஐம்பது காசு ஸ்டாம்பு.

இந்த முறை பத்து வெள்ளி வாங்கிக்கொண்டாள்.
மோட்டாரில் எஸ்டேட் சாலை முழுக்க
பையில் கடகட.
பல்லை இறுக்கிக்கொண்டு வந்தேன்,
அதுவும் ஆடியது.