இழுவை

கேத்தனூர் மேட்டில் ஆடிக்காற்று.
ராதாமணி கையிலிருந்து விட்ட விமானம்,
இரண்டு கிலோ, தெர்மாகோல் இறக்கை,
பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து ஏறி
சோளக்காட்டுக்கு மேலே
நின்றுவிட்டது.

பறந்துகொண்டுதான் இருக்கிறது.
மணிக்கு நாற்பது அது,
மணிக்கு நாற்பது காற்று.
கட்டிப்போட்ட வெள்ளாட்டின் முதுகிலேயே
கிடந்தது நிழல்.

வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு.
தெரிந்தும் முடுக்கினாள்.
எண்பதிலிருந்து முப்பதுக்குச் சரிந்தது பேட்டரி,
அடுத்த பனைமரம் வரைக்கும்தான்.

நேற்று ராத்திரி கணபதிப் பட்டறையில்
திருகாணித் தலை ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டினோம்.
இறக்கை முனையில் உறைந்த பசையை
உப்புத்தாள் போட்டு, ஊதி, மறுபடி உப்புத்தாள்.
காற்று பிடித்துக்கொள்ள
ஒரு மயிரிழை கிடைக்கக் கூடாதென்று.

இப்போது இறக்க வேண்டும்.
பின்விளிம்பு மடிப்புகளைத் தாழ்த்துகிறாள்.
விடிய விடியத் துரத்தியதை
ஒரு விசையில் திரும்ப அழைக்கிறாள்.
மூக்கு தாழ்ந்து, தயங்கி,
சின்ன வெங்காயப் பாத்தியில்
வயிற்றால் உட்கார்ந்தது.

காட்டுக்காரர் வந்தார்.
மிதிபட்ட தாளை நிமிர்த்திவிட்டுக் கேட்டார்:
"ஏனுங், இதுக்கு பிரேக்கு எங்கீங்?"

ராதாமணி கையை மேற்கே நீட்டி விரித்தாள்.
விரல்கள் பின்னுக்கு வளைந்தன.