பேஸ்மட்டம்

வீடு கட்டும்போது மேஸ்திரி திம்மராயன்
பேஸ்மட்டத்தை மூன்றடி ஏற்றச் சொன்னார்.
நான் ஒன்பதடி இறங்கச் சொன்னேன்.
ஒரே சொல்தான்.
அவருக்கு அது மேலே, எனக்குக் கீழே.

எனக்கு ஓர் இருட்டறை வேண்டியிருந்தது.
மாசியில் வாங்கும் புளி
ஐப்பசியில் விலையேறும்வரை
கறுக்காமல் மூட்டைக்குள் தூங்க.

கிருஷ்ணகிரியில் மலையடியில் மனை வாங்கினால்
மண்ணைத் தோண்ட முடியாது,
பாறையிடம் கேட்க வேண்டும்.
கம்ப்ரசர் வைத்து இருபத்தேழு நாள் கேட்டோம்.
"பாறை தண்ணி குடிக்காதும்மா" என்றார் திம்மராயன்.
நல்லதுதானே என்றேன்.
அவர் சொன்னது எனக்குப் புரிய
நான்கு வருஷம் ஆனது.

இதற்கிடையில் சாலையும் வளர்ந்தது.
பழையதைச் சுரண்டாமல்
அதன் தலைமேலேயே புதுத்தார் ஊற்றிப் போனார்கள்,
தேர்தலுக்கு ஒரு சாண்.
வாசலில் நான்கு படி இருந்தது.
எஞ்சியது ஒன்று.

கார்த்திகையில் அந்த ராத்திரி
மலை முழுக்கப் பெய்தது
என் வாசலில் வந்து கூடியது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கடைசிப் படி இல்லை.
அதற்கு மேல்படியும் இல்லை.
நாற்பத்தொரு மூட்டை.
வாசனையை எப்படிச் சொல்ல?
ஊர்த் திருவிழாவுக்கே காணும் ரசம்,
உப்பு ஒன்றுதான் பாக்கி.
சிரித்தேன்.
பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, கால் வைக்காதீங்க,
மெயின் இறக்கியாச்சா?"
மோட்டார்காரர் நூருல்லாவின் முதல் கேள்வி அதுதான்.
டீசல் மோட்டாரை வாசலில் நிறுத்தி
ராத்திரி முழுக்க இறைத்தோம்.
மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை.
நாலு மணிக்குத் தெருவிளக்கில் பார்க்கிறேன்,
குழாய் கக்கிய தண்ணீர்
சாலையோரம் ஒரு வளையம் போட்டு,
அதே புளி நிறத்தில்,
என் வீட்டு வென்டிலேட்டருக்குள்
பணிவாகத் திரும்பிப் போகிறது.

நூருல்லா தலையில் அடித்துக்கொண்டு
ஓசை இறக்கத்துப் பக்கம் இழுத்துப் போட்டார்.
விடியும்போது அறை வடிந்தது.
எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.
தெருக்கோடியிலிருந்து கெம்பம்மா வந்தாள்,
கையில் துடைப்பம்,
முழங்கால்வரை சேறு.
"உங்க வீட்டு ரசம்
எங்க அடுப்புக்குள்ள வந்திருக்குதுங்க."
கோபம் இல்லை குரலில்.
இருந்திருக்கலாம்.

உள்சுவருக்கு மூன்று கோட்டிங் அடித்தேன்.
பத்து வருஷ கேரண்டி.
தையில் அம்மை போட்டது,
பங்குனியில் உரிந்தது.
திம்மராயன் நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.
"தண்ணி வெளியே நிக்குது,
நீங்க உள்ளே கட்டுப் போடறீங்க."

வெளிச்சுவரைத் தரைமட்டம்வரை தோண்டினோம்.
அடியில் ஓட்டைக் குழாய், மேலே ஜல்லி.
வென்டிலேட்டர் விளிம்பு ஒன்றரை அடி உயர்ந்தது.
மொட்டைமாடித் தண்ணீர்
சுவரை விட்டுப் பத்தடி தள்ளி விழப் பழகியது.
மூலையில் ஒரு குழி,
குழிக்குள் மிதவை வைத்த சின்ன மோட்டார்.

அந்தக் குழாய்க்கு ஒரு முடிவு வேண்டுமே.
திம்மராயன் மட்டக்குழாயைப் பிடித்தார்.
நீர் கொஞ்சம் ஆடி, யோசித்து,
கெம்பம்மாவின் வாசலைக் காட்டியது.

"இதோட விட்டுடலாம், எல்லாரும் விடறதுதான்"
என்றான் என் தம்பி.
கணக்குப் போட்டவன், தப்பில்லை.
அவள் துடைப்பத்தோடு நின்றதை
அவன் பார்க்கவில்லை.
கடன்மேல் கடன் வாங்கி
இன்னும் எழுபதடி,
அவள் வாசலுக்கு அடியிலேயே கொண்டுபோய்
ஓடையில் விட்டேன்.
தர்மம் என்று யாராவது சொன்னால்
எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது மூட்டைகள் பலகைமேல்,
சுவரைத் தொடாமல், ஒரு கை இடைவெளியில்.
மழை ராத்திரியில் தூக்கம் மட்டும் வருவதில்லை.
கீழே மிதவை எழும்பும் சத்தம்.
க்ளிக்.
மோட்டார் முனகும்.
நிற்கும்.
மறுபடி.

இரண்டு மணிக்குப் போன் அடிக்கும்.
கெம்பம்மா தன் வாசல்கல்லில்
காது வைத்துக் கேட்டிருப்பாள்.
"போகுதுங்க" என்பாள்.
அவ்வளவுதான்,
வைத்துவிடுவாள்.