ஞாயிறுதோறும் டார்ச்

குவோபியோவில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
பஸ்ஸை டிப்போவில் விட்டு வந்த ரையா
ஹோயாவின் இலைகளைப் புரட்டி டார்ச் அடிக்கிறாள்.
இலையிடுக்கில் ஒரு பஞ்சுப் பொட்டு.
ஒன்றா? மாவுப்பூச்சி குடும்பத்தோடு,
சம்பந்தி வீட்டோடு.

சிங்க்குக்கு அடியில் பாதி வோட்கா,
பதினோரு வாரமாய்த் திறக்காதது.
திறந்தாள்.
மூச்சைப் பிடித்தபடி
காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.
காலையில்
போதை தெளிந்து நடந்துகொண்டிருந்தன.

மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு
மருந்துக்கடைக்குப் போனாள்.
"ஸ்பிரிட். காட்டமானது."
சகாரிக்குப் பழைய ரையாவைத் தெரியும்.
அவன் கை அலமாரிப் பக்கம் போகவில்லை.
பையிலிருந்து மூடி போட்ட டப்பாவை எடுத்து
அவன்முன் வைத்தாள்.
உள்ளே ஓர் இலை. அதன்மேல் இரண்டு சாட்சிகள்.

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தான்.
"பழைய பூக்காம்பை மட்டும் நறுக்கிவிடாதே,
பட்டுப்போனது மாதிரிதான் இருக்கும்."
"தெரியும்" என்றாள்.

ஜூன்.
நள்ளிரவுக்கும் விளக்கு வேண்டாம்.
அந்தக் குச்சியின் நுனியில்
மெழுகில் வார்த்த இருபத்துமூன்று நட்சத்திரம்.
ஜன்னல் விளிம்பெல்லாம் தேன் சொட்டிப் பிசுபிசுப்பு.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.
தித்திப்பு. வேறொன்றுமில்லை.

பிறகு டார்ச்சைத் தேடினாள்.
ஞாயிற்றுக்கிழமை,
இலைக்கு அடியில் பார்க்கிற நாள்.